அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது? நீலகிரியில் கதை சேகரிப்பவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் எங்கள் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கூடுகிறோம். வயதானவர்கள் பேசுவதைக் கேட்கிறோம், போனில் பதிவு செய்கிறோம், அப்புறம் உட்கார்ந்து எழுதி வைக்கிறோம். சங்கம், அமைப்பு என்று எதுவும் இல்லை. புதிதாக வருகிறவர்களும் வெளியூரிலிருந்து விசாரிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே இருக்கின்றன.

கதை கேட்கப் போய்விட்டு வீட்டையும் ரோட்டையும் பற்றி விசாரிக்கிறீர்களே, ஏன்?

ஆரம்பத்தில் நாங்களும் "பழைய கதை ஏதாவது சொல்லுங்க" என்றுதான் கேட்டோம். "என்ன இருக்கு சொல்றதுக்கு, கஷ்டப்பட்டோம், புள்ளைங்களப் படிக்க வெச்சோம்" என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். என் சொந்த அப்பாயியே அப்படித்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, மூன்று பிள்ளைகளோடு இங்கே வந்தவர். ஒரு மழை நாளில் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே, "அந்த வீட்டுல அடுப்பு எந்தப் பக்கம் இருந்துச்சு அப்பாயி?" என்று கேட்டேன். எழுந்து நின்றுவிட்டார். "இது இஸ்தோப்பு. இப்படி உள்ள வந்தா காம்பரா. அடுப்பு இந்த மூலையில. புகை போக வழி கிடையாது, அதனால..." இஸ்தோப்பு என்றால் முன் திண்ணை, காம்பரா என்றால் அறை. அந்த 'அதனால'வில் தொடங்கிய பேச்சு ராத்திரிச் சாப்பாடு வரை நிற்கவில்லை.

அன்றைக்குப் புரிந்தது, நினைவு மனசில் மட்டும் இருப்பதில்லை. வாசப்படியில் இருக்கிறது, அடுப்படியில் இருக்கிறது, பஸ் வந்து நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஒரு வீட்டை எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பொறுத்தே அங்கே யார் பேசினார்கள், யார் கேட்டார்கள், எவ்வளவு நேரம் பேச முடிந்தது என்பதெல்லாம் அமைகிறது. ஊரும் ரோடும் இயந்திரமும் அப்படியே. அதனால் கதையை நேராகக் கேட்காமல், கதை குடியிருந்த இடத்தை முதலில் கேட்கிறோம்.

லைன் வீட்டுக் கதைகளுக்கும் மற்ற வீட்டுக் கதைகளுக்கும் அப்படி என்ன வித்தியாசம்?

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுதான் லைன் வீடு, நான் அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை.

1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையில் இருந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு அரசாங்கங்களும் முடிவு செய்தன. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அங்கிருந்து மலையேறியவர்கள் ஏராளம். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968-ல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. இன்று டான்டீ என்று நாம் சொல்வது அதைத்தான். கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரி என்று மாவட்டம் முழுக்கக் குடும்பங்கள் பரவின.

அங்கே லயம், இங்கே லைன். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், முன்னால் ஒரே நீளத் திண்ணை. அப்பாயி இருந்த லயத்தில் தடுப்புச் சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. இந்த அறையில் இருமினால் நாலாவது அறையில் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் கதை ஒருவருக்குச் சொந்தமாக இருக்க முடியாது. அப்பாயி ஒரு சம்பவத்தை ஆரம்பிப்பார், பக்கத்து அறைக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "அது தீவாளிக்கு முந்தின வாரம்" என்று திருத்துவார், இன்னொருவர் சிரித்துக்கொண்டே முடித்து வைப்பார். அவர் சொன்ன கதைகளில் ஆட்களுக்குப் பெயர்கூடக் கிடையாது. "மூணாவது காம்பராக்காரி", "கடைசிக் காம்பராக் கிழவர்" என்றே வரும். எங்கள் குறிப்பேட்டில் ஒரு லயத்தின் படத்தைக் கோடு போட்டு வரைந்து, ஒவ்வொரு அறைக்குள்ளும் அந்த அறையின் கதைகளை எழுதி வைத்திருக்கிறோம். எனக்குத் தெரிந்து அதைவிடச் சரியான பொருளடக்கம் வேறில்லை.

பிறகு தனி வீடு வந்தது. காம்பவுண்டுச் சுவர், தனிக் கக்கூஸ், தனிக் குழாய். அப்பாயி சந்தோஷப்பட்டார், படத்தான் வேண்டும், அந்தத் திண்ணையில் பட்ட அவமானங்களும் அவருக்குத் தெரியும். ஆனால் கதை சொல்லும் விதம் மாறிவிட்டது. "நாங்க" என்று தொடங்கியவர் "நான்" என்று தொடங்க ஆரம்பித்தார். திருத்துவதற்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை.

ஊட்டியை உருவாக்கியது சல்லிவன் என்று பள்ளியில் படித்தோம். அதில் என்ன தவறு?

அவர் செய்ததைச் செய்தார்தான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறினார். கல் பங்களா கட்டினார். 1820-களில் ஓடையை மறித்து ஏரி வெட்டினார். 1848-ல் தாவரவியல் பூங்கா வந்தது. இதெல்லாம் நடந்தவை.

ஆனால் ஒரு ஊரின் மையத்தை எங்கே வைக்கிறோமோ அங்கிருந்துதான் அதன் கதையும் ஆரம்பிக்கிறது. ஏரி, பூங்கா, தேவாலயம், சேரிங் கிராஸ் என்று ரோடுகள் சேரும் இடமெல்லாம் வெள்ளைக்காரர்கள் அமைத்தவை. அதனால் சுற்றுலா வருகிறவருக்கு 1819-க்கு முன்னால் இங்கே எதுவுமே நடக்காதது மாதிரி ஒரு எண்ணம் வந்துவிடுகிறது. தாவரவியல் பூங்காவின் மேல் கோடியில் தோடர் பழங்குடியினரின் மந்து, அதாவது குடியிருப்பு, ஒன்று இருக்கிறது. ஊருக்கு முன்பே இருந்தவர்கள் அவர்கள். ஆனால் பூங்காவைச் சுற்றிக் கடைசியாக அங்கே போய்ச் சேர்கிற குடும்பத்துக்கு, அதுவும் பூங்காவில் பார்க்க வேண்டிய ஒரு பொருளாகத் தெரிகிறது. எந்தப் பலகையிலும் அப்படி எழுதவில்லை, நடைபாதை போகிற வழியே அப்படிச் சொல்லிவிடுகிறது.

ஊர்ப் பெயரில் மட்டும் அந்தப் பழைய அடையாளம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உதகமண்டலம் என்பதன் கடைசிப் பகுதி தோடர்களின் 'மந்து'தான். கட்டடங்களுக்குள்ளும் இப்படிக் கதைகள் ஒளிந்திருக்கும். 1830-ல் அர்ப்பணிக்கப்பட்ட புனித ஸ்டீபன் தேவாலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டு வரப்பட்டவை. அங்கே போனால் தலையை நிமிர்த்திப் பாருங்கள். போரில் தோற்ற ஒரு அரசனின் வீட்டு மரம் மலைமேல் ஏறி வந்து கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

தோடர்கள் பாட்டாகவே கதை சொல்வார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மொழியியலாளர் எம். பி. எமனோ 1930-களில் இங்கே தங்கி அந்தப் பாடல்களைச் சேகரித்து 1971-ல் நூலாக வெளியிட்டார். மந்து, எருமை, தொழுவம் என்று ஒவ்வொன்றையும் பாட்டில் சொல்வதற்கென்று மரபான சொற்றொடர்கள் இருக்கின்றன. அவை இணை இணையாக வரும். ஒரு இடத்தைச் சொன்னால் அதன் ஜோடி இடமும் வந்தாக வேண்டும். அரைவட்டக் கூரையும் குனிந்து தவழ்ந்து நுழையும் வாசலும் கொண்ட பழைய வீடுகள் குறைந்து, பெரும்பாலானோர் காங்கிரீட் வீடுகளுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் பாட்டுக்குள் அந்தப் பழைய இடங்கள் எல்லாம் வரிசை மாறாமல் இருக்கின்றன. இதற்கு மேல் நான் சொல்வது முறையல்ல, அவர்களே சொல்ல வேண்டிய விஷயம்.

மலை ரயில் பற்றிய கதைகள் மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்?

அது மெதுவாகப் போவதால். வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், ஊட்டி வரை 1908-லும் ரயில் ஓடத் தொடங்கியது. மொத்தம் 46 கிலோமீட்டர். ஏறுவதற்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் ஏறக்குறைய 12 அடிக்கு ஒரு அடி. சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் தண்டவாளத்துக்கு நடுவே பல் பதித்த இரும்புச் சட்டங்கள், இன்ஜினில் அதைக் கவ்வும் பல்சக்கரம். குன்னூர் வரைக்கும் இன்ஜின் பின்னால் நின்று தள்ளுகிறது, இழுப்பதில்லை. அதனால் முதல் பெட்டிக்கு முன்னால் புகையும் இல்லை, மறைப்பும் இல்லை. கொடி பிடித்த பிரேக்ஸ்மேன் ஒருவர் நிற்பார், அவரைத் தாண்டி நேரே காடு.

யோசித்துப் பாருங்கள். எதிரெதிரே பார்த்து உட்கார்ந்த பத்துப் பேர், 5 மணி நேரம், நடுவே இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்கும் நிறுத்தங்கள். இறங்கிக் கால் நீட்டி, குரங்குக்குப் பயந்து, டீ குடித்துவிட்டு மறுபடி ஏறுகிறார்கள். அதற்குள் யாரோ யாருக்கோ சொந்தமாகிவிடுகிறார்கள். ரயிலில் பெண் பார்த்த கதை மட்டும் எங்களிடம் மூன்று இருக்கிறது. 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இரும்பையும் பாலத்தையும் பார்த்துத்தான் அறிவித்தார்கள். நான் அந்தப் பட்டியலில் இருக்கைகளையும் சேர்த்திருப்பேன்.

பஸ் கதை வேறு மாதிரி. என் அப்பா குன்னூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்குப் பஸ் ஓட்டியவர். அந்த ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. டிரைவர்களுக்கு அந்த எண்தான் கதையின் விலாசம். "ஒன்பதாவது வளைவில ஒத்த யானை" என்று ஒருவர் சொன்னால் போதும், எந்தப் பாறை, எந்தப் பலாமரம், எவ்வளவு இடைவெளி என்று மற்ற டிரைவர்களின் கண்ணுக்குள் வந்துவிடும். கதையும் அடுத்த வளைவு வருவதற்குள் முடிந்தாக வேண்டும், கை ஸ்டீயரிங்கில் இருக்கிறதே. அப்பா வீட்டிலும் அப்படித்தான் பேசுவார். துண்டு துண்டாக, ஆனால் இடம் துல்லியமாக.

தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களிடம் கேட்கலாமா? அங்கே என்ன கதை இருக்கப் போகிறது?

தயவுசெய்து கேளுங்கள். ஊட்டியில் இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது. 1960-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம், 1967-ல் உற்பத்தி ஆரம்பம். கறுப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம் என்று நாடெங்கும் போனது. தூசும் சூடும் பிலிமுக்கு ஆகாது, மலைக் காற்று அதற்குத் தோது. வண்ணப் படம் வந்தபோது அடி விழுந்தது, டிஜிட்டல் வந்தபோது முடிந்தே போனது.

பிலிமில் ரசாயனம் பூசும் வேலையை வெளிச்சத்தில் செய்ய முடியாது. அங்கே வேலை பார்த்த ஒரு பெரியவர் எங்களிடம் இரண்டு மாலை பேசினார். அவர் பேச்சில் ஒரு முகம்கூட வரவில்லை. நடை வரும், செருப்புச் சத்தம் வரும், ஒருவர் தொண்டையைக் கனைக்கும் விதம் வரும், ரசாயன வாடை வரும். வெளியே கேண்டீனில் பார்த்தபோதுதான் "ஓ, இவரா அந்தக் குரல்" என்று தெரிந்துகொண்டாராம். ஊர் உலகத்துக்கெல்லாம் படம் பிடிக்க பிலிம் செய்து கொடுத்தவர்களின் கதையில் படமே இல்லை. அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும்போது நாங்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை.

மலைக்கு ஏற்ற வடிவமைப்பு என்று ஏதாவது உதாரணம் சொல்ல முடியுமா?

முத்தோரையில் இருக்கும் ரேடியோ டெலஸ்கோப். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் கட்டி 1970-ல் முடித்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச் சரிவு ஏறத்தாழ 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. அப்படி ஒரு சரிவைத் தேடிப் பிடித்து, வடக்கு தெற்காகப் படுக்க வைத்ததால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே வானத்தில் ஒரு பொருளைப் பல மணி நேரம் பின்தொடர முடிகிறது. மலையை வெட்டிச் சமப்படுத்தாமல், மலை படுத்திருக்கும் விதத்திலேயே கட்டினார்கள்.

இப்போது எல்லாம் சிசிடிவியும் வாட்ஸ்அப்பும் ஆகிவிட்டதே. கதை செத்துவிட்டதா?

இந்தக் கேள்வியை வருத்தத்தோடு கேட்கிறவர்கள்தான் அதிகம். எனக்கும் வருத்தம் இருந்தது, இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறேன்.

முன்பு ஒரு வீட்டு வாசலில் சிறுத்தை வந்தது என்றால், பார்த்தவர் ஒருவர், மிஞ்சிப்போனால் இருவர். வால் மட்டும் தெரிந்திருக்கும். மீதி உடம்பைச் சொல்கிறவர்தான் வரைய வேண்டும். அடுத்த நாள் டீக்கடையில் சிறுத்தை ஒரு முழம் வளர்ந்திருக்கும், அடுத்த வாரம் அது யாரையோ பார்த்து உறுமியிருக்கும். சொல்கிறவர் எழுந்து நடந்து காட்டுவார். நாய் எப்படிக் கட்டிலுக்கடியில் போனது என்று முனகிக் காட்டுவார். கேட்கிற பிள்ளைகளுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது.

இப்போது 14 விநாடிப் படம் வருகிறது. சாம்பல் நிறம், மூலையில் தேதி, ராத்திரி 2 மணி 11 நிமிடம், சத்தம் இல்லை. சிறுத்தை சுவரேறிக் குதித்துப் போய்விடுகிறது. காலை ஆறு மணிக்குள் எல்லாருடைய போனிலும் அது இருக்கிறது. டீக்கடையில் "பாத்தியா?" "பாத்தேன்". முடிந்தது. சொல்லுவதற்கு ஆள் தேவைப்படவில்லை.

நான் மாறியதற்குக் காரணம் ஒரு கரடி. எங்கள் பக்கத்துக் கோயிலுக்கு, விளக்கில் ஊற்றிய எண்ணெய்க்காகக் கரடி வரும். அதைப் பற்றி நாங்கள் கேட்டு வளர்ந்ததெல்லாம் பயங்கரக் கதைகள். கேமரா வைத்த பிறகுதான் தெரிந்தது, அது வாரத்தில் பல நாள் வருகிறது, விளக்கைக் கவிழ்க்கிறது, நக்குகிறது, போகிறது. சில நாள் குட்டியோடு. ராத்திரியில் நாம் தூங்கும்போது இந்த ஊர் அவற்றுக்கும் ஊர் என்பதை எந்தக் கதையும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. கரடிக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்து, அது நேற்று என்ன செய்தது என்று தொடர்கதையாகப் பேசிக்கொள்கிறார்கள். ஆக, கேமராவில் படம் மட்டும் வருகிறது, அதைச் சுற்றிப் பேச்சு வளர இடம் கிடைத்தால் கதையும் வருகிறது. இடம் கிடைப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு மாநிலத்துப் படம் "நேத்து ராத்திரி கோத்தகிரி" என்று சுற்றும். யார் வீட்டுக் கேமரா என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் சேகரிக்க வேண்டாம்.

இ-பாஸ், கூகுள் மேப் எல்லாம் கதையை மாற்றுமா?

மாற்றுகிறது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ். அடுத்த ஆண்டு கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. வருகிறவர்கள் சொல்லும் கதையில் இப்போது முதல் அத்தியாயமே பாஸ் கிடைத்ததா என்பதுதான்.

மேப் விஷயத்தில் என் கவலை ஊர்ப் பெயர்கள். அவலாஞ்சி என்பது 1820-களில் நடந்த பெரிய மண்சரிவால் வந்த பெயர். ஆங்கிலப் பெயராக இருந்தாலும் அது ஒரு எச்சரிக்கை. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியபோது அந்தப் பெயரின் அர்த்தம் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. இதுபோல ஓடைக்கும் மேட்டுக்கும் படகர், கோத்தர், இருளர் வைத்த பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, மேப்பில் இல்லை. அதே இடத்தில் ஒரு ரிசார்ட்டின் பெயர் இருக்கும். நாளைக்கு ஓடை இருந்ததே தெரியாமல் அங்கே வீடு கட்டுவார்கள். பெரியவர்களிடம் பெயரைக் கேட்கும்போது "ஏன் அந்தப் பேர்?" என்றும் கேளுங்கள்.

எந்த மொழியில் பதிவு செய்வது?

அவர்கள் வீட்டில் பேசுகிற மொழியில். படகர் மொழியைத் தமிழ் எழுத்தில் ஓரளவு எழுதிவிடலாம். தோடர் மொழியின் ஒலிகள் பலவற்றுக்குத் தமிழில் எழுத்தே இல்லை, அதனால் ஒலிப்பதிவுதான் மூலம், எழுத்து துணைக்கு.

எங்கள் தாத்தாவிடம் நாளைக்கே கேட்கப் போகிறேன். எப்படி ஆரம்பிப்பது?

போனை மேஜையில் வைக்காதீர்கள், தட்டினால் அந்தச் சத்தம் பதிவாகும். ஒரு துண்டை மடித்து அதன்மேல் வையுங்கள். பதிவு செய்கிறேன் என்று முதலிலேயே சொல்லி, சரியா என்று கேளுங்கள். எங்களில் ஒருவர் ஒரு பாட்டியிடம் சொல்லாமல் பதிவு செய்து, பிறகு அந்தப் பாட்டி எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. தவறு எங்களுடையது.

பிறந்த வீட்டின் வாசல் எந்தத் திசை என்று தொடங்குங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது, கரண்ட் எந்த வருஷம் வந்தது, அந்த முதல் ராத்திரி என்ன செய்தீர்கள், ஊரில் முதலில் ரேடியோ வாங்கியது யார், அதைக் கேட்க எங்கே உட்காருவீர்கள், ஃபேக்டரி சங்கு ஊதினால் வீட்டில் யார் எழுந்திருப்பார்கள். முடிந்தால் அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போங்கள். வீடு இடிந்திருந்தாலும் பரவாயில்லை. தரையைக் காலால் தேய்த்து "இங்கதான்" என்பார்கள்.

"இதை வெளியில சொல்லாதே" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சடங்கு சம்பந்தமான விஷயங்கள் சில அந்தச் சமூகத்துக்கு வெளியே போகக் கூடாதவை.

கற்பனை கலந்து சொன்னால்?

அப்படியே எழுதுங்கள். திருத்த வேண்டாம். தேதி மட்டும் சரிபார்த்துப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

உங்கள் கூட்டத்துக்கு எப்போது வரலாம்?

எந்த மாதமும் வரலாம். ஐப்பசியில் வந்தால் நல்லது. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழைதான் பெரிது, காற்றில் மரம் விழுந்து கரண்ட் போகும், டிவி நிற்கும், போனில் சார்ஜ் இருக்காது. எல்லாரும் ஒரே அறையில், அடுப்பு இருக்கிற பக்கமாக வந்து உட்காருவார்கள். ஸ்வெட்டரும் டார்ச்சும் கொண்டு வாருங்கள், பதிவு செய்ய வேண்டுமென்றால் பவர் பேங்கும்.